விரலில் மினுங்கிய பசை

வியாழக்கிழமை காலை அந்த மினுமினுப்பை மறுபடியும் பார்த்தேன்.

ஆறு மணி வரிசை. வாசலில் வழக்கம்போலக் குளோரின் தண்ணீரின் நெடி. "ரிசார்ட்டு குளத்து நாத்தம்" என்று நீ மூக்கைப் பொத்துவாயே, அதே நெடி. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கையை நீட்டினார்கள். "முன்னால... பின்னால..." என்று நான் சொல்லச் சொல்லத் திருப்பிக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். பதினேழாவதோ பதினெட்டாவதோ வந்தவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகாத பெண். இடது ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் மடக்கினாற்போல வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தேன். நகத்துக்குக் கீழே, நத்தை ஊர்ந்த தடம்போலக் காய்ந்த பசை.

"இன்னிக்கி மட்டும் உட்ரு அக்கா" என்றாள்.

அதே வார்த்தை. விரல்தான் வேறு. உன்னுடையது வலது கை நடுவிரல்.

நீ போய் ஒன்பது வருடம் ஆகிறது. நான் இன்னும் அதே வாசலில், அதே வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். நான் எழுதப்போகிறதில் உனக்குத் தெரியாதது அதிகம் இல்லை. ஆனாலும் முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். வரிசையாக எழுதினால், எந்த இடத்தில் நான் உன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம் என்பதாவது தெளிவாகுமோ என்னவோ.

மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவே, கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது நம் கம்பெனி. இறாலை உரித்து, உறைய வைத்து, கப்பலேற்றும் இடம். உள்ளே போகிற ஒவ்வொரு கையையும் வாசலில் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். வெட்டுக்காயம், கொப்புளம், சேற்றுப்புண் எது இருந்தாலும் அன்று வேலை இல்லை. காயத்துக் கிருமி இறாலில் போய், அது எந்த நாட்டுச் சாப்பாட்டு மேசைக்கோ போய்விடும் என்ற பயம். கட்டுப் போட்டுக்கொண்டும் வரக்கூடாது, கட்டு அவிழ்ந்து பெட்டிக்குள் விழுந்துவிடும் என்பார்கள். நான் பரிசோதனைக் கூடத்து ஆள். மதுராந்தகம் ஏரிக்குக் கீழே, தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பத்திலிருந்து நுண்ணுயிரியல் படித்து வந்தவள். எங்கள் வீட்டில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள் நான்தான். அந்தக் கோட்டின்மேல் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அதை நீ முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாய்.

கையை நீட்டச் சொன்னால், உள்ளங்கையை விரித்துக்கொண்டு, "இன்னா லேப்பு, அப்டியே ஜோசியமும் சொல்லு. என் மாமியார் தொல்ல எப்ப தீரும்?" என்றாய். வரிசை மொத்தமும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பரிசோதனைக் கூடத்தில் இருப்பவள் என்பதால் லேப்பு. அந்தப் பெயரை நீ தவிர வேறு யாரும் தைரியமாக என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நமக்கு ஒரே வயது. சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்துக் குப்பம் உன்னுடையது. உன் வீட்டுக்காரர் ஃபைபர் படகில் போகிறவர், பெண் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

மதியச் சாப்பாடு நமக்குச் சவுக்கு மரத்தடியில். நீ குழம்பைப் பாதி எனக்கு ஊற்றுவாய், நான் பதிலுக்குப் பாடம் நடத்துவேன். பாவம் நீ. ஆனால் கேட்டாய். கேட்டது மட்டுமில்லை, எனக்குப் பதில் தெரியாத கேள்வியாகப் பொறுக்கிக் கேட்டாய்.

ஒருநாள் உன் விரல்களை அகார் தட்டில் பதிக்க வைத்தேன். "இது இன்னாடி, கடல்பாசி இனிப்பு மாரி கீது?" என்றாய். கடல்பாசியேதான், கிருமிக்கு விருந்து வைப்பதற்கு என்றேன். இரண்டு நாள் கழித்துத் தட்டைக் காட்டினேன். உன் ஐந்து விரலும் ஐந்து புள்ளிக் கோலமாக முளைத்திருந்தது. வெள்ளைப் புள்ளிகள், நடுவில் மஞ்சளாக ஒன்று. நீ கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாய்.

"ஐய, இம்மாம் பேரும் என் கைலயா குடி இருந்தாங்க?"

"குடியிருந்தாங்க இல்லடி, இருக்காங்க. உன் கையில மட்டுமில்ல, எல்லார் கையிலயும். இவங்க இருக்கறதாலதான் வெளியாள் வந்து தங்க இடம் கிடைக்கல. வேர்வையும் எண்ணெயும் சேர்ந்து தோல் மேல லேசாப் புளிப்பு இருக்கும். அது இவங்களுக்குப் பழக்கம், வர்றவனுக்கு ஆகாது."

நீ தட்டுக்குமேல் குனிந்து பார்த்தாய். பிறகு கேட்டாய்: "அப்ப தெனம் எங்க கைய குளோரின்ல முக்கறீங்களே, யாருடி சாவறது? வெளியாளா, வூட்டாளா?"

நான் தட்டை மூடிவிட்டேன். இரண்டு பேரும்தான் என்ற பதிலைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. எட்டு மணி நேரம் ஐஸிலும் குளோரினிலும் ஊறி, நகக்கண் வெளுத்து, வெடித்துக் கிடந்த கையை வைத்துக்கொண்டு நீ கேட்ட கேள்வி அது. கையுறை போட்டாலும் இறால் தலையின் கொம்பு துளைத்துவிடும்.

இன்னொரு நாள், தோலின் மேல்பரப்பு முழுக்கச் செத்த உயிரணு என்று சொன்னேன். அடியில் பிறந்து, மெல்ல மேலே ஏறி, செத்து, ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கிறது. அதைத் தாண்டி ஒரு கிருமியும் சுலபமாக உள்ளே போகாது. தினமும் கொஞ்சம் உதிரும், உதிரும்போது மேலே ஒட்டியிருக்கிற கிருமியையும் கூட்டிக்கொண்டு போகும். இப்படியே நான் சொல்லிக்கொண்டு போக, நீ சோற்றுக் கையை அப்படியே வைத்துவிட்டாய்.

"செத்தவங்களா காவலு?"

"ஆமா."

"அதானே பாத்தேன். எங்க வூட்லயும் அப்டித்தான். பூவாடக்காரி இல்லாம ஒண்ணும் நடக்காது."

எங்கள் ஊரிலும் அந்தப் படையல் உண்டு. தாலியோடு போய்ச் சேர்ந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் கல்யாணம் காது குத்து என்றால் முதலில் அவளுக்குப் புதுப் புடவை வைத்து, தண்ணீர்த் துறையிலிருந்து கலசம் எடுத்து வந்து, வீட்டுக்குள் கூப்பிட வேண்டும். "எங்க மாமியாருக்கு மாமியாரு ஒருத்தி கீறா. அவள கூப்ட்டாதான் தாலியே ஏறும்" என்றாய். பிறகு என் கோட்டுக் கையைத் தட்டி, "உன் பொஸ்தகத்துல இருக்கறதெல்லாம் எங்க வூட்ல மொதல்லயே தெரியும்டி லேப்பு" என்று சிரித்தாய்.

பசை விஷயம் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். உடைந்த பொம்மையையும் செருப்பையும் ஒட்டுகிற குட்டி டியூப், பெட்டிக்கடையில் தொங்குமே, அதை வாங்கிக் காயத்தின்மேல் ஒரு சொட்டு விட்டு ஊதினால் மூடிக்கொள்ளும். கட்டு இல்லை, ரத்தம் இல்லை, லேசான மினுமினுப்பு மட்டும். நல்ல வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். நான் பல தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தவுடன் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன். அதனால்தான் எனக்கு வாசலில் நல்ல பெயர் கிடையாது.

உன் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு வைத்த மாதம் அது. அதற்காக இரண்டு நாள் வராமல் இருந்துவிட்டாய். மூன்றாவது நாளும் வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவதாக மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கெளுத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது முள் உன் நடுவிரலில் ஆழமாக ஏறிவிட்டது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். திங்கட்கிழமை காலை எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: என் கையில் இருந்த உன் விரல் மினுங்கியது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். நீ கேலி எதுவும் செய்யவில்லை. என் விரலை ஒரு அழுத்து அழுத்தி, "இன்னிக்கி மட்டும் உட்ருடி" என்றாய், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"பின்னால" என்றேன். திருப்பினாய். "போ" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. மற்றவர்களைத் திருப்பி அனுப்பின விதி உனக்கு இல்லாமல் போனதற்குக் காரணம், நீ எனக்குக் குழம்பு ஊற்றினவள். உனக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். இறாலுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அன்று முழுக்கக் கவலைப்பட்டேன். நீ உரித்த தட்டிலிருந்து தனியாக மாதிரி எடுத்துச் சோதித்துக்கூடப் பார்த்தேன். இறாலில் ஒன்றுமில்லை. உன் விரலைச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வாசலில் நின்று நின்று, கை என்றால் இறாலைக் கெடுக்கிற பொருள் என்றே என் புத்தி பழகிப்போயிருந்தது.

செவ்வாய்க்கிழமையும் வந்தாய், அன்றும் விட்டேன். ஒரு நாள் விட்டவளுக்கு மறுநாள் என்ன? மதியம் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாய். வலது கையை உடம்போடு சேர்த்து அணைத்துக்கொண்டிருந்தாய்.

"கை இடுக்குல நெறி கட்டிகினு கீது லேப்பு. வுட்டு வுட்டு வலிக்குது."

என்னை யாராவது அந்த நேரத்தில் வாயில் அடித்திருக்கலாம். எனக்கு வந்தது பயம் இல்லையடி, உற்சாகம். நெறி கட்டுவதைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும் அல்லவா! "அது நல்லதுதான்டி" என்று ஆரம்பித்தேன். தோலுக்கு அடியில் காவல்காரர்கள் கை கையாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே நுழைந்தவனில் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு அக்குளில் இருக்கிற முடிச்சுக்கு ஓடுவார்கள், அங்கே படை சேரும், படை சேருகிற இடம் வீங்கும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். "நெறி கட்டினா உன் உடம்பு முழிச்சிக்கிச்சுன்னு அர்த்தம்."

நீ வெளுத்த முகத்தோடு சிரித்தாய். "அப்ப சாவமாட்டேன்னு சொல்லு."

"சாவமாட்ட, எழுந்திரு" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. படை சேர்ந்தது உண்மை. ஆனால் எதிரி எவ்வளவு பேர் என்று நான் கேட்கவில்லை. புடவைமேல் நீ போட்டிருந்த முழுக்கைச் சட்டையை ஒரு சாண் மேலே தூக்கிப் பார்த்திருந்தால், மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி ஏறின சிவப்புக் கோட்டைப் பார்த்திருப்பேன். அப்போதே வண்டியில் உட்கார வைத்து அழைத்துப் போயிருந்தால் பிழைத்திருப்பாய். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் ஒருத்தியோடு நிறுத்திக்கொண்டேன்.

புதன்கிழமை நீ வரவில்லை. பெயரை எடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை உன் வீட்டுக்காரர் போன் செய்தபோது உன்னைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி. உன் வலது கை கருத்து, கொப்புளம் கொப்புளமாக, வேறு யாருடைய கையோபோலக் கிடந்தது. உனக்குச் சர்க்கரை இருப்பதே அங்கேதான் தெரிந்ததாம். சர்க்கரை உடம்பில் அந்தப் படை பாதித் தூக்கத்தில் இருக்கும். அதையும் நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

ஒரு டாக்டரம்மா, நம்மைவிடச் சின்னவள், சோர்ந்துபோய் என்னிடம் கேட்டாள்: "யாரும்மா இந்தப் பசையைப் போட்டது? தொறந்து கெடந்திருந்தாகூட சீழ் வெளிய வந்திருக்கும். உள்ள வெச்சிப் பூட்டிட்டீங்களே."

சீழ் என்பது சண்டையில் செத்துப்போன வெள்ளையணுக்கள். அவை வெளியேற உடம்பு ஒரு வழி தேடும். அந்த வழியைத்தான் நீ ஒரு சொட்டுப் பசையால் அடைத்தாய். அடைத்ததைப் பார்த்து நான் சரி என்றேன்.

நீ கண்ணைத் திறந்தாய். என்னைப் பார்த்தாயா, என் கோட்டைப் பார்த்தாயா தெரியவில்லை. அவசரத்தில் கோட்டோடேயே வந்திருந்தேன். காய்ச்சலில் எதை எதையோ பேசிக்கொண்டிருந்த நீ சட்டென்று அமைதியாகி, நல்லாயிருந்த இடது கையை நீட்டினாய். உள்ளங்கை. பிறகு புறங்கை. மறுபடி உள்ளங்கை.

"உள்ள போவட்டா லேப்பு?"

உன் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். உன்னைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "போ" என்றேன்.

மறுநாள் காலை நீ போய்விட்டாய்.

உன்னை எடுத்த அன்று உன் வீட்டுக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீதான் தங்கச்சி அத நல்லா பாத்துகின" என்றார். பார்த்தேன் அண்ணே, விரலைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாய் ஒட்டிக்கொண்டது. பிறகு ஒன்பது வருடம் அது திறக்கவே இல்லை. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சம்பளம் வாங்கினேன், சிரித்தேன், பொங்கலுக்கு உன் பெண்ணுக்குத் துணி எடுத்துக் கொடுத்தேன். உள்ளே அது பாட்டுக்கு அழுகிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை வந்த பெண்ணை நான் விடவில்லை. வெந்நீரும் சோப்பும் வைத்துப் பசையை ஊற வைத்து எடுத்தேன். மேலதிகாரி வந்து கத்தினார், கத்தட்டும் என்று ஸ்கூட்டரில் ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனேன். அதே ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்துவிட்டு, சின்னக் கீறல்தான், ரெண்டு நாளில் தானாக ஆறிவிடும் என்று ஒரு ஊசி போட்டு அனுப்பினார். திரும்பி வருகிற வழியில் திருக்கழுக்குன்றத்தில் இறங்கும்போது அந்தப் பெண், "ஒண்ணுமில்லாததுக்கு பேஜாரு பண்ணிட்டியேக்கா" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான்.

அன்று சாயங்காலம்தான் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். பெண்ணுக்குக் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை பூவாடைக்காரிக்குப் படைக்கிறோம், அவசியம் வரவேண்டும் என்றார். எந்தப் பூவாடைக்காரி என்று கேட்கவந்து நிறுத்திக்கொண்டேன். இப்போது அந்த வீட்டில் அது நீதான்.

இன்று போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். கடற்கரையில் மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுத்து, கலசத்தில் வேப்பிலை வைத்து, உன் பெண் தலையில் சுமந்து வந்தாள். உன் ஜாடை முழுக்க வந்திருக்கிறது, அந்த நடை உட்பட. வாசற்படியில் நின்றாள். பெண்கள் எல்லோரும், "வாம்மா, உள்ள வா, உன் வூடு, வா" என்று கூப்பிட்டார்கள். நான் மட்டும் வாசலை விட்டு ஒதுங்கி நின்றேன். பச்சைப் புடவை வைத்திருந்தார்கள். மல்லிகை, பொங்கல், கருவாட்டுக் குழம்பு. எனக்குப் பாதி ஊற்றுவாயே, அந்தக் குழம்பு.

படையல் முடிந்ததும் உன் வீட்டுக்காரரைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டேன். "அண்ணே, ஒண்ணு சொல்லணும். அன்னிக்குத் திங்கக்கிழமை அவ விரல்ல பசை இருந்ததை நான் பாத்தேன். பாத்துட்டுதான் உள்ள விட்டேன்." ஒன்பது வருடத்து விஷயம் இரண்டு வாக்கியத்தில் முடிந்துபோனது எனக்கே வியப்பாக இருந்தது. திட்டப்போகிறார் என்று நின்றேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும் தங்கச்சி. அன்னிக்கி சாயங்காலமே சொல்லிச்சு. 'லேப்பு பாத்துட்டாய்யா. பாத்தும் உட்டுட்டா. நல்லவ' அப்டின்னு. சந்தோஷமா சொல்லிச்சு. அந்தப் பசைய வாங்கியாந்து குடுத்ததே நான்தான்."

உன் பெண் இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். போய் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நீ என்மேல் கோபமாகப் போயிருப்பாய் என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் இருந்தேன். அது எனக்குப் பழகிப்போயிருந்தது. நல்லவ என்று சொல்லியிருக்கிறாயே, அதை எப்படித் தாங்குவேன், சொல்லு.

நாளை திங்கட்கிழமை. ஆறு மணிக்கு வாசல் திறக்கும். வரிசையின் முதல் கை என் கைக்கு வருவதற்கு முன்னால் ஒரு கை வரும். மற்ற யாருக்கும் தெரியாது. உள்ளங்கை, புறங்கை, நடுவிரலில் மினுமினுப்பு. ஒன்பது வருடமாக ஒரு நாள் தவறாமல் அதைப் பிடித்து, வாய்க்குள்ளேயே சொல்கிறேன்: "இல்லடி, நீ வீட்டுக்குப் போ." பிறகுதான் அடுத்த கையைப் பார்க்கிறேன்.